காலிப் படுக்கைக்கு யார் காசு கொடுப்பது?



சமூகப்பணிக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "அக்கா, அமெரிக்காவில் நீங்க என்னதான் வேலை செய்றீங்க?" சுருக்கமாகச் சொன்னால், நாள் எண்ணுகிறேன். ஒருவர் தன் படுக்கையை விட்டு மருத்துவமனைக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை நாளுக்குள் திரும்பாவிட்டால் அந்தப் படுக்கை கைவிட்டுப் போகும் என்று எண்ணுகிறேன். கேட்பவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரிவதில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் திண்டிவனம் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவள். சென்னையில் எம்.ஏ. சமூகவியல் படித்தேன். கணவரின் வேலை காரணமாகக் கலிபோர்னியா வந்தேன். 120 படுக்கைகளுக்கு மேல் உள்ள ஒவ்வொரு நர்சிங் ஹோமும் முழுநேரச் சமூகப்பணியாளர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே மத்திய அரசின் விதி. அவர் சமூகப்பணியில்தான் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. சமூகவியல் படித்து, மேற்பார்வையின் கீழ் ஓராண்டு வேலை செய்த அனுபவம் இருந்தாலும் போதும். அந்த வாசல் வழியாகத்தான் நான் உள்ளே போனேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் போகிற இடம். இங்கே அப்படி இல்லை. எழுந்து நடக்க முடியாத, தானாகக் குளிக்க முடியாத, நினைவு தப்பிய முதியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் வருடக்கணக்கில் வாழ்கிற இடம். ஓர் அறையில் இரண்டு அல்லது மூன்று படுக்கைகள். நடுவில் ஒரு திரை. ஒரு படுக்கை, பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி, தலைமாட்டுச் சுவரில் நாலு போட்டோ. ஒருவருடைய வீடு என்று சொல்ல அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்காரர் ஒருநாள் காய்ச்சல் வந்து ஆம்புலன்ஸில் போகிறார். போனவர் பத்து நாள் வரவில்லை. இந்தப் பத்து நாளும் அந்தப் படுக்கை யாருடையது? காலியாகக் கிடக்கும் படுக்கைக்கு இல்லத்துக்கு யாராவது காசு கொடுக்க வேண்டுமா? இங்கே இதற்கு 'பெட் ஹோல்ட்' என்று பெயர். படுக்கையைப் பிடித்து வைப்பது. பேருந்தில் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அது மாதிரி. ஆனால் இங்கே அந்தத் துண்டுக்கு நாள் கணக்கில் வாடகை உண்டு.

வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்க நர்சிங் ஹோம்களில் வாழும் பத்துப் பேரில் ஆறு பேருக்கும் மேல் மெடிகெய்ட் என்னும் திட்டத்தில் இருப்பவர்கள். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஏழைகளுக்காக நடத்தும் மருத்துவ உதவித் திட்டம் அது. 1965இல் வந்தது. கலிபோர்னியாவில் அதன் பெயர் மெடி-கால். அதே ஆண்டு வந்த இன்னொரு திட்டம் மெடிகேர், முக்கியமாக 65 வயது கடந்தவர்களுக்கானது. இது ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. ஆனால் நர்சிங் ஹோமில் வருடக்கணக்கில் வாழ்வதற்கு அது பணம் தராது. மூன்று நாளாவது மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்துவிட்டு வந்தவருக்கு, அதிகபட்சம் 100 நாள் தரும். அதிலும் முழுச் செலவையும் ஏற்பது முதல் 20 நாள் மட்டும். ஆனால் அது தரும் தினசரித் தொகை மெடிகெய்ட் தருவதைவிட அதிகம். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

காலிப் படுக்கைக்கு மெடிகேர் ஒரு பைசாவும் தராது. மெடிகெய்ட் தரலாம், தராமலும் இருக்கலாம். மத்திய அரசு அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் நியாயம் மாறுகிறது. கலிபோர்னியாவில் மருத்துவமனைக்குப் போனால் 7 நாள். மின்னசோட்டாவில் இல்லத்துக்குக் கிடைப்பது தினசரித் தொகையில் 30 சதவீதம்தான். டெக்சாஸில் மருத்துவமனை நாட்களுக்கு மெடிகெய்ட் எதுவும் தருவதில்லை. வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தால் மட்டும் உண்டு. வீட்டுக்குப் போய்வருவதற்குக் கலிபோர்னியாவில் தனிக்கணக்கு இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுக்கு 18 நாள், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு 73 நாள்.

கலிபோர்னியா அந்த 7 நாளுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு கழிவு உண்டு. சமைக்காத உணவுப் பொருளின் விலையைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். ஆள் இல்லை, சாப்பிடவில்லை, ஆகவே அரிசி பருப்புக் காசு கிடையாது. அரசாங்கத்தின் கணக்குப்பிள்ளை எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார் பாருங்கள்! எட்டாம் நாள் அந்த மனிதர் எங்கே படுப்பார் என்பதைப் பணம் தரும் அந்த விதி யோசிக்கவில்லை.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எண்பது வயது தாண்டிய கறுப்பின அம்மா. லூசியானாவில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்கு ரயிலேறி வந்தவர். அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்களின் நிறவெறிக்குத் தப்பி லட்சக்கணக்கானவர்கள் அப்படி வந்தார்கள். வாழ்நாள் முழுவதும் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலை. என்னை 'பேபி' என்றுதான் கூப்பிடுவார். நம் ஊர்க் கிழவிகள் 'கண்ணு' என்பார்களே, அந்தத் தொனி. நாலு வருடமாக ஜன்னல் ஓரப் படுக்கை அவருடையது. ஜன்னல் திட்டில் ஒரு ஆப்பிரிக்க வயலட் செடி. கால்மாட்டில் அவருடைய அம்மா கைப்பட ஒட்டுத்துணிகளில் தைத்த ஒரு போர்வை.

ஒரு வியாழக்கிழமை இரவு அவருக்கு மூச்சுத்திணறல். நிமோனியா. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. இங்கே விதி என்னவென்றால், ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பும்போது பெட் ஹோல்ட் பற்றி அவருக்கும் அவருடைய ஆளுக்கும் இல்லம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் "ஆம், என் படுக்கையைப் பிடித்து வையுங்கள்" என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் மாஸ்க் மாட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அந்த அம்மாவுக்கு லூசியானாவில் ஒரு அண்ணன் மகள் இருந்தார். மறுநாள் காலை நான் அவருக்குப் போன் போட்டு, சம்மதம் வாங்கி, நேரத்தையும் நிமிடத்தையும் எழுதி ஃபைலில் வைத்தேன். அப்படி ஒரு அண்ணன் மகள் இல்லாதவர்கள் எங்கள் இல்லத்திலேயே பலர்.

ஏழு நாள் ஆயிற்று. அவருக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது அந்த அறையில் ஜன்னல் திட்டு காலியாக இருந்தது. செடி, போர்வை, போட்டோக்கள், செருப்பு எல்லாவற்றையும் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி ஸ்டோர் ரூமில் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை அந்தப் படுக்கைக்கு வேறொருவர் வந்துவிட்டார். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடித்து நாலு வாரப் பயிற்சிக்கு வந்தவர். மெடிகேர் நோயாளி.

திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து போன். "குணமாகிவிட்டது, கூட்டிப்போங்கள்." எங்கள் அட்மிஷன் பிரிவின் பதில்: "இப்போது அவருக்குத் தேவைப்படும் கவனிப்பு எங்களால் தர முடியாத அளவுக்கு அதிகம்." மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் எங்கள் இல்லத்தில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தவர்கள் அன்றைக்கே பலர். நான் அதைச் சொன்னேன். "பெட் ஹோல்ட் முடிந்துவிட்டது, நமக்குச் சட்டப்படி கடமை எதுவும் இல்லை" என்றார் மேலாளர்.

தோழர்களே, இங்கேதான் படிப்பு கைகொடுக்கும். அவர் சொன்னது தவறு. 1987இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டமும் அதன் கீழ் உள்ள விதிகளும் தெளிவாகச் சொல்கின்றன: பெட் ஹோல்ட் நாட்கள் முடிந்த பிறகும் மெடிகெய்ட் முதியவருக்குத் திரும்பும் உரிமை உண்டு. அவருடைய பழைய அறை காலியாக இருந்தால் அதே அறை. இல்லாவிட்டால் இருவர் அறையில் முதலில் காலியாகும் படுக்கை அவருக்கு. அவருக்கு அந்த இல்லத்தின் சேவை தேவைப்பட வேண்டும், மெடிகேர் அல்லது மெடிகெய்டுக்குத் தகுதி இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதாவது ஏழு நாள் என்பது அரசு காசு கொடுக்கும் நாட்களின் கணக்கு. உரிமைக்கு அது கெடு அல்ல. காசின் கெடுவை உரிமையின் கெடுவாகக் காட்டுவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய ஏமாற்று. முதியவர்களும் குடும்பத்தாரும் மருத்துவமனை ஊழியர்களும்கூட அதை நம்பிவிடுகிறார்கள்.

விதியை அச்சடித்து மேசையில் வைத்தேன். அண்ணன் மகளிடம் பேசி, ஆம்பட்ஸ்மேனுக்குப் புகார் கொடுக்க வைத்தேன். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்காகக் குரல் கொடுக்க ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டப்படி நியமிக்கப்பட்டவர் அவர். புகாரை அவர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும், அறைக்குள் வர அவருக்கு அனுமதி மறுக்க முடியாது. திரும்ப ஏற்க மறுத்தால் மாநிலச் சுகாதாரச் சேவைகள் துறையிடம் மேல்முறையீட்டு விசாரணையும் கேட்கலாம். விசாரணைவரை போகவில்லை. ஆம்பட்ஸ்மேன் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு மேலாளரின் பேச்சு மாறியது. அடுத்த வியாழக்கிழமை வேறொரு அறையில் ஒரு படுக்கை காலியாக, அந்த அம்மா திரும்பி வந்தார்.

கதவோரப் படுக்கை. ஜன்னல் இல்லை. செடி பைக்குள்ளேயே கருகிப்போயிருந்தது. போர்வையை விரித்துவிட்டேன். "பேபி, இது யார் வீடு?" என்று கேட்டார். நாலு வருடம் பக்கத்துப் படுக்கையில் இருந்த தோழியைப் பார்க்க வேண்டும் என்று அழுதார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். சட்டப்படி இது வெற்றி. என் பதிவேட்டில் 'திரும்பச் சேர்க்கப்பட்டார்' என்றுதான் இருக்கிறது.

காசு கொடுத்துத் தன் படுக்கையைப் பிடித்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இல்லங்களும் அப்படித்தான் கேட்கும்: "கூடுதல் நாட்களுக்கு நீங்களே கட்டினால் பிடித்து வைக்கிறோம்." கலிபோர்னியாவில் ஒரு நாள் கட்டணம் 300 டாலருக்கு மேல். மெடி-காலில் இருப்பவருடைய ஓய்வூதியம் உள்ளிட்ட மாத வருமானம் அநேகமாக முழுவதும் இல்லத்துக்கே போய்விடும். கைச்செலவுக்கு அவரிடம் விடப்படுவது மாதத்துக்கு 35 டாலர். முடி வெட்ட, பேரப்பிள்ளைக்கு வாழ்த்து அட்டை வாங்க, செருப்பு வாங்க எல்லாம் அதில்தான். அந்த 35 டாலரில் ஒரு நாளின் எட்டில் ஒரு பங்கைக்கூட வாங்க முடியாது.

அப்படியானால் பெட் ஹோல்ட் நாட்களை அரசு கூட்டிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஆய்வுகளைப் படித்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பெட் ஹோல்டுக்குக் காசு தரும் மாநிலங்களில் நர்சிங் ஹோம் முதியவர்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவதற்கான சாத்தியம் 36 சதவீதம் அதிகம் என்று கண்டது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானது இல்லை. இரவு ஷிப்டில் நர்ஸ்கள் குறைவு, டாக்டர் போனில்தான். முதியவருக்குக் காய்ச்சல். இங்கேயே ஊசி போட்டுக் கவனிப்பதா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா? அனுப்பிவிட்டால் வேலை மிச்சம். காலிப் படுக்கைக்கும் காசு வரும். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தால், அதே முதியவர் திரும்பும்போது மெடிகேர் நோயாளியாகத் திரும்புவார், அதிகத் தொகை. ஆம்புலன்ஸ் பயணமும் புது இடமும் முதியவர்களைக் குழப்பத்திலும் படுக்கைப்புண்ணிலும் தள்ளும் என்பது கூடவே வரும் இன்னொரு கணக்கு. அது யாருடைய பட்ஜெட்டிலும் வராது.

இந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு சிக்கனம் பேசுபவர்கள் "காலிப் படுக்கைக்கு மக்கள் வரிப்பணமா? வெட்டு" என்கிறார்கள். பெட் ஹோல்ட் மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது என்பதால், நிதி நெருக்கடி வந்தால் கத்தி எளிதில் விழும் இடங்களில் இதுவும் ஒன்று. 2025 ஜூலையில் கையெழுத்தான மத்தியச் சட்டம் மெடிகெய்ட் செலவைப் பத்தாண்டுகளில் பெருமளவு குறைக்கிறது. அந்தச் சுமை மாநிலங்களின் தலையில் விழும்போது இந்த ஏழு நாளும் மற்ற மாநிலங்களின் நாட்களும் என்ன ஆகும் என்பது என் கவலை. காசை நிறுத்தினால் இல்லம் அந்தப் படுக்கையை முதல் நாளே வேறொருவருக்குக் கொடுக்கும். சொந்தக் காசில் இருப்பவர் கட்டிப் பிடித்து வைத்துக்கொள்வார். மெடிகெய்ட் முதியவர் மருத்துவமனையில் கிடப்பார். பிறகு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே, 50 மைல் தள்ளிக்கூட அனுப்பப்படுவார். அண்ணன் மகளோ மகனோ இருந்தாலும் பார்க்க வர முடியாத தூரம்.

எந்த இல்லங்களில் இது நடக்கிறது என்பதற்கும் ஒரு சமூகவியல் இருக்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்க நர்சிங் ஹோம்களை இரண்டு அடுக்காகப் பிரித்துப் பார்த்தது. கீழ் அடுக்கில் கிட்டத்தட்ட 15 சதவீத இல்லங்கள். அநேகமாக எல்லாரும் மெடிகெய்டில் இருக்கும் இல்லங்கள் அவை. நர்ஸ்கள் குறைவு, குறைபாடுகள் அதிகம். நர்சிங் ஹோம்களில் வாழும் கறுப்பின முதியவர்களில் 40 சதவீதம் பேர் அந்தக் கீழ் அடுக்கில் இருந்தார்கள். வெள்ளையரில் 9 சதவீதம். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே திட்டம். ஆனாலும் இரண்டு அடுக்கு. ஊர், சேரி என்று பிரித்து வைத்த இடத்திலிருந்து வந்த எனக்கு அந்த அட்டவணையை இரண்டாவது முறை படிக்க வேண்டியிருக்கவில்லை.

இல்லாதபோது இடம் பறிபோவது எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த விஷயம். என் அத்தை குடும்பம் பொங்கல் முடிந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகும். ஆடி மாதம்தான் திரும்பும். ஒரு வருடம் திரும்பி வந்தபோது, புறம்போக்கில் அவர்கள் போட்டிருந்த குடிசையைச் சுற்றிக் கருவேல முள் வேலி. "நீங்கதான் ஊர்ல இல்லயே" என்றார் வேலி போட்டவர். ஒருவன் ஊரில் இல்லை என்பதற்கும், ஒருவனுக்கு ஊரில் இடம் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆதிக்கம் எப்போதும் வசதியாக அழித்துவிடும். பட்டா வைத்திருப்பவன் பத்து வருடம் துபாயில் இருந்தாலும் அவன் வீடு அவன் வீடுதான். பட்டா இல்லாதவன் ஆறு மாதம் சூளைக்குப் போனால் அவன் இடம் 'காலி'. அமெரிக்காவில் அந்த ஆறு மாதம் ஏழு நாளாகச் சுருங்கியிருக்கிறது.

இந்தத் திரும்பும் உரிமைக்காக நீதிமன்றம் போனவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சில முதியவர்கள் மேல்முறையீட்டு விசாரணையில் வென்றும்கூட இல்லங்கள் அவர்களைத் திரும்ப ஏற்கவில்லை. அரசும் தன் சொந்தத் தீர்ப்பை அமல்படுத்தவில்லை. அப்படியானால் அந்த விசாரணை எதற்கு என்று மாநில அரசின் மீதே வழக்குப் போட்டார்கள். 2019இல் ஒன்பதாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கு செல்லும் என்றது.

அடுத்தது 2023. இண்டியானாவில் நினைவு தப்பிய ஒரு முதியவர். கடும் மருந்துகள் கொடுத்து அவரை முடக்கினார்கள், பிறகு மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப ஏற்க மறுத்தார்கள் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. இல்லத்தின் உரிமையாளர் ஒரு மாவட்ட அரசு அமைப்பு. தலெவ்ஸ்கி வழக்கு என்று தேடினால் கிடைக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில், 1987 சட்டம் தரும் அந்த உரிமைகளுக்காக முதியவர் நேரடியாக வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியான கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன்.

எந்தச் சட்டத்தின் கீழ் அந்த வழக்கு வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். 1871ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைக் கு க்ளக்ஸ் க்ளான் கும்பல் கொன்று குவித்தபோது, தெற்கு மாநில அதிகாரிகள் கைகட்டி வேடிக்கை பார்த்தபோது, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அரசு அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவருடைய உரிமையைப் பறித்தால் அவர் நீதிமன்றத்துக்கு வரலாம் என்கிறது அது. 152 ஆண்டுகள் கழித்து, அந்தச் சட்டம் ஒரு முதியவரின் வழக்குக்குக் கதவு திறந்தது. நசுக்கப்பட்டவர்கள் தங்கள் உயிருக்காகப் போராடிப் பெற்ற சட்டம், பிறகு யார் யாருக்கோ நிழல் கொடுக்கிறது. நம்முடைய சட்டங்களுக்கும் அந்தப் பலம் உண்டு.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். அந்த 1871 சட்டம் அரசு அமைப்புகள் மீதுதான் பாயும். இங்கே நர்சிங் ஹோம்களில் சுமார் 70 சதவீதம் லாப நோக்கில் நடக்கும் தனியார் இல்லங்கள். அவற்றைக் கேள்வி கேட்க ஆம்பட்ஸ்மேன், மாநில ஆய்வாளர்கள், மேல்முறையீட்டு விசாரணை, மாநிலச் சட்டங்கள் ஆகியவைதான் கருவி. நல்ல தீர்ப்பு வந்துவிட்டது என்று உட்கார முடியாது.

என் நிலைப்பாடு இதுதான். பெட் ஹோல்ட் தொகையை நிறுத்தக் கூடாது. ஆனால் அதைக் காலிப் படுக்கைக்கான வாடகையாகத் தராமல், திரும்பும் மனிதருக்கான உத்தரவாதத்துக்காகத் தர வேண்டும். முதியவர் திரும்பி வந்த பிறகுதான் அந்தத் தொகை இல்லத்தின் கைக்குப் போக வேண்டும். காசை வாங்கிக்கொண்டு ஆளை ஏற்க மறுத்தால் வட்டியோடு பிடுங்க வேண்டும். எத்தனை பேரை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், அதில் எத்தனை பேர் அதே இல்லத்துக்குத் திரும்பினார்கள் என்று ஒவ்வொரு இல்லமும் வெளியிட வேண்டும். இரவில் போதுமான நர்ஸ்கள் இருந்தால் பல ஆம்புலன்ஸ்கள் கிளம்பவே வேண்டியதில்லை. காசு தருவது தேவையற்ற அனுப்புதலைக் கூட்டுகிறது என்ற ஆய்வும், காசை நிறுத்துவது ஏழையை வீடற்றவராக்குகிறது என்ற என் அனுபவமும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. காசையும் உரிமையையும் தனித்தனியாக விட்டதன் விளைவு இரண்டும்.

சமூகப்பணிக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சில நடைமுறை விஷயங்கள். எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் வேலை செய்தாலும் இவை பொருந்தும். விதியின் மூலப் பிரதியைப் படியுங்கள். நிறுவனம் தரும் சுருக்கத்தை நம்பாதீர்கள். எங்கள் இல்லத்தின் சுருக்கத்தாளில் ஏழு நாள் பெரிய எழுத்தில் இருந்தது, திரும்பும் உரிமை இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. எதையும் எழுத்தில் கேளுங்கள். "ஏற்க முடியாது" என்று வாயால் சொல்பவர், அதையே கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னால் யோசிப்பார். தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். ஆள் இல்லாதபோது அவருடைய பொருட்களை மூட்டை கட்ட விடாதீர்கள். குப்பைப் பைக்குள் போனது வெறும் துணிமணி என்று நினைக்காதீர்கள். உறவினர் யாரும் இல்லாதவர்களின் பட்டியலைத் தனியாக வைத்திருங்கள். அவர்களுக்காகப் போன் எடுக்கப் போகிறவர் நீங்கள் மட்டும்தான்.

எங்கள் இல்லத்தில் இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். ஒருவர் மருத்துவமனைக்குப் போன அன்றே, அவர் படுக்கையின் தலைமாட்டில் அவர் பெயரையும் "திரும்பி வருவார்" என்ற வாக்கியத்தையும் எழுதி ஒட்டுகிறோம். நர்சிங் உதவியாளர்களில் பலர் பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள். அவரவர் ஊரில் பட்டது அவரவருக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே அவர்கள் ஜன்னல் திட்டில் இருக்கும் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று மேலாளர் கேட்டார். தடை இருந்தால் எழுத்தில் தாருங்கள் என்றேன். இன்றுவரை தரவில்லை.

ஜெய்பீம்.